சம்சுன்னிசா வாங்கப் போன அடுப்படி

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை மூடப் போகிறது என்றால், அந்தச் செய்தி கடைக்காரரின் பெண்டாட்டிக்குத் தெரிகிறதோ இல்லையோ, சம்சுன்னிசாவுக்குத் தெரிந்துவிடும். கேஸ் போடுகிறவர் சொல்வார், கோழி போடுகிறவர் சொல்வார். மறுநாள் காலை அவள் அந்தக் கடையில் உட்கார்ந்து நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருப்பாள். கண் மட்டும் கோப்பையில் இருக்காது. உள்ளே கிரைண்டர் எத்தனை லிட்டர், புரோட்டாக் கல் எவ்வளவு அகலம், ஃப்ரீசர் கதவின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று அளந்துகொண்டிருக்கும்.

பழைய அடுப்படிச் சாமான்களை வாங்கித் துடைத்து, பழுது பார்த்து விற்பது அவள் தொழில். காக்கி புக்கிட்டில் கிடங்கு, பொங்கோலில் வீடு. ஒருவர் கடையை மூடுகிற நாளும் இன்னொருவர் கடை திறக்கிற நாளும் அவள் லாரியில்தான் சந்தித்துக்கொள்ளும். மூடுகிறவர் அழுவார், திறக்கிறவர் சிரிப்பார், இருவரும் விலையைப் பற்றிப் புலம்புவார்கள். அவள் இரண்டு பேருக்கும் தலையாட்டுவாள், விலையை மட்டும் மாற்ற மாட்டாள்.

அவளுடைய கணவர் யாக்கூப் ஆரம்பித்த தொழில் இது. யாக்கூப் காகிதம் கேட்கிற ஆள் இல்லை. எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்ப்பார், தோளில் கை போடுவார், சாமானைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். பெரும்பாலும் அது பலித்தது. பலிக்காத ஒன்று மட்டும் அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபிறகு வந்து கதவைத் தட்டியது. அவர் கடைசியாக விற்ற பெரிய ஓவன், கேலாங்கில் கேக் கடை வைத்திருந்த ஒரு பெண்ணிடம் போயிருந்தது. யாக்கூப்புக்கு அதை விற்றவரோ தவணையில் வாங்கி, பாதித் தவணையைக் கட்டாமல் விட்டிருந்தார். தவணை முடிகிறவரை சாமான் கடன் கொடுத்தவனுடையது. கடன் கொடுத்தவர்கள் ஆட்களோடு வந்தார்கள். உள்ளே கேக் வெந்துகொண்டிருந்தது. அதை வெளியே எடுத்து வைக்க மட்டும் விட்டார்கள்.

செய்தி கேட்டு சம்சுன்னிசா ஓடிப் போய் நின்றபோது, ஓவன் இருந்த இடத்தில் சுவரில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அந்தப் பெண் கத்தவில்லை. "உங்களுக்குத் தெரியாதா அக்கா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். தெரியாதுதான். ஆனால் அதைச் சொல்லவே சம்சுன்னிசாவுக்கு வெட்கமாக இருந்தது. வளையல்களை விற்றுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து, கடன் பாக்கி இருக்கிறதா என்று தேடாமல் அவள் ஒரு கரண்டிகூட வாங்குவதில்லை என்று ஊரில் கேலி பேசுவார்கள். "சம்சு லாத்தா மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் முதல்ல சர்ச் போட்டுட்டுத்தான் போவாங்க லா" என்பான், அவளை அக்கா முறை வைத்து லாத்தா என்று கூப்பிடுகிற அவளுடைய லாரி ஓட்டுநர் முபாரக். அவள் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு கம்பெனி தன் சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கினால், கடன் கொடுத்தவர் அதை அரசாங்கத்தின் நிறுவனப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். சில வெள்ளி கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் போனிலேயே அதைப் பார்க்கலாம். தவணைச் சாமான் அதில் வராது. அதனால் ரசீதைக் கேட்டு வாங்கி, சாமான் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டு, பணம் முழுக்கக் கட்டியாயிற்றா என்று விசாரிப்பாள்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. விற்கிறவரை நேருக்கு நேர் பார்த்து, "எங்கேயாவது கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?" என்று கேட்பாள். ஏனென்றால் அடமானத்தைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் ஒரு மாதம்போல அவகாசம் தருகிறது. இன்றைக்குக் கையெழுத்துப் போட்டவர் பெயர் நாளைக்கே ஏறிவிடாது. அந்த இடைவெளியில் பதிவேடு பச்சைக் குழந்தை மாதிரி, ஒன்றுமே தெரியாத முகத்தோடு இருக்கும். அப்போது விஷயம் தெரிந்தவர் எதிரே உட்கார்ந்திருக்கிற மனிதர் ஒருவர்தான். அவரைக் கேட்டால்தான் உண்டு. சிலர் முறைப்பார்கள், சிலர் எழுந்தே போய்விடுவார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

வடிவேலு போன் செய்தது ஆனி மாதம் முடிய ஒன்பது பத்து நாள் இருக்கும்போது. டன்லப் ஸ்திரீட்டில் இருபது வருஷமாகச் சைவச் சாப்பாட்டுக் கடை நடத்தியவர். "தங்கச்சி, கடையை மூடறேன். அடுப்படியை அப்படியே நீ எடுத்துக்கோ. வேற யாரையும் கூப்பிட எனக்கு மனசில்லை" என்றார்.

அவர் தங்கச்சி என்று அழைத்தால் அது வாய்ப்பேச்சு இல்லை. யாக்கூப் போனபிறகு, பொம்பளைக்கு இந்த வியாபாரம் சரிப்படுமா என்று ஊரே வேடிக்கை பார்த்த சமயம், முதல் ஆளாக வந்து அவளிடம் ஒரு பெரிய குளிர்பெட்டி வாங்கியவர் அவர்தான். பேரம் பேசவில்லை. வாங்கியதோடு நிற்காமல், பக்கத்துக் கடைக்காரர்களிடமும் "சம்சு கொடுத்தா சுத்தமா இருக்கும்" என்று சொல்லிச் சொல்லியே நாலைந்து பேரை அனுப்பி வைத்தார். அவள் மகளின் நிக்காஹ்வில் சைவப் பந்தி தனியாகப் போட்டு, தானே கரண்டி பிடித்துப் பரிமாறினார். அவளோடு கூடப் பிறந்தவர்களே அன்றைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனதோடு சரி.

அவள் போய்ப் பார்த்தாள். சாமான்கள் தங்கமாக இருந்தன. பெரிய நீராவி ஓவன், இரண்டு கிரைண்டர், தோசைக் கல், ஃப்ரீசர்கள் என்று எல்லாவற்றையும் அவர் குழந்தையைப் போல் வைத்திருந்தார். ரசீதுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தயாராகக் கொடுத்தார். எல்லாம் ரொக்கத்தில் வாங்கியவை, தவணை கிடையாது. பின்பக்கக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவள் போனில் அவருடைய கம்பெனியைத் தேடினாள். திருடப் போனவள்போல் தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். அண்ணனைப் போய்த் தேடுகிறோமே என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது. பதிவேட்டில் ஒன்றுமில்லை.

வெளியே வந்தபோது வடிவேலு அவளுக்கென்று இலை போட்டு வைத்திருந்தார். கடையின் கடைசி வாரச் சாப்பாடு. பாயசத்தை ஊற்றிக்கொண்டே, "நீ வாங்குறதுல எனக்கு ஒரு நிம்மதி, தங்கச்சி" என்றார். கேட்க வேண்டிய கேள்வி அவள் நாக்கு நுனிவரை வந்தது. இலையில் அவர் போட்ட சோறு இருக்கும்போது, எங்கேயாவது கையெழுத்துப் போட்டிருக்கீங்களா என்று எப்படிக் கேட்பது? அவரைத் திருடன் என்று சொல்வதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? பாயசத்தோடு சேர்த்து அதையும் விழுங்கிவிட்டாள். பத்து வருஷத்தில் அவள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டது அன்றுதான்.

பேசிய விலையில் பாதியை அன்றைக்கே கொடுத்தாள். அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. வாங்குகிறவர்கள் தயாராக இருந்தார்கள்: ரோஷினியும் அவள் கணவன் சேவியரும். இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு, பிடோக்கில் ஓர் இடம் எடுத்துக் கேட்டரிங் ஆரம்பிக்கப் போகிறார்கள். ஆடி பிறப்பதற்குள் புது அடுப்பில் பால் காய்ச்சியாக வேண்டும் என்று ரோஷினியின் அம்மா ஒற்றைக்காலில் நின்றார். "நான் கிறிஸ்டியன், எனக்கு ஆடியும் இல்ல, ஆவணியும் இல்ல. ஆனா மாமியார் இருக்காங்களே அக்கா" என்றான் சேவியர். ஆனி கடைசி நாளுக்கு நேரம் குறித்தாயிற்று. ஆக, ஒரு முஸ்லிம் பெண் ஆடி மாதத்துக்குப் பயந்து அவசர அவசரமாக அட்வான்ஸ் கொடுத்தாள். மீதிப் பாதியை எடுத்து வைத்தபிறகு கையில் முதல் ஒன்றும் மிச்சமில்லை. இந்த அடுப்படி கைவிட்டுப் போனால் அடுத்த மாதக் கிடங்கு வாடகைக்கு அவள் யாரிடமாவது கை நீட்ட வேண்டும்.

பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் காலை. பின்சந்தில் லாரி நின்றது. முபாரக்கும் இரண்டு ஆட்களும் ஃப்ரீசர்களை ஏற்றிவிட்டு, நீராவி ஓவனைத் தள்ளுவண்டியில் வைத்து நகர்த்திக்கொண்டிருந்தார்கள். சாமான் கிளம்புகிற அன்று இன்னொரு தடவை தேடுவது அவளுக்குக் கை பழகிய காரியம். கவிழ்த்து வைத்த ஓர் எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து, வேறு ஞாபகமாகத்தான் போனைத் தட்டினாள்.

இந்தத் தடவை ஒரு வரி இருந்தது.

கம்பெனியின் சாமான்கள் அனைத்தும் அடமானம். கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர். பதிவேட்டில் ஏறியது நேற்று மாலை. கையெழுத்தான தேதி, அவள் இங்கே உட்கார்ந்து பாயசம் குடித்ததற்கு முந்தின வாரம்.

கம்பெனி எண் தவறாக இருக்கும் என்று மறுபடி பார்த்தாள். தவறு இல்லை. உள்ளே வடிவேலு ஆட்களுக்கு டீ ஆற்றிக்கொண்டு, "பார்த்துப்பா, கதவு இடிச்சிடப் போவுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"முபாரக், நிறுத்து" என்றாள்.

"என்ன லாத்தா, பாதியில நிக்குது."

"நிக்கட்டும். கீழ இறக்கி வை."

அவள் உள்ளே போய், பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் வடிவேலுவை அழைத்துப் போனாள். போனை நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். முகத்தில் முதலில் வந்தது பயம் இல்லை, கோபம்.

"என்னையத் தேடிப் பார்த்தியா?"

"எல்லாரையும் பார்ப்பேண்ணே."

"நான் எல்லாருமா?"

அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "கையெழுத்துப் போட்டது நிஜமாண்ணே?" என்றாள்.

அவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "வாடகை பாக்கி தலைக்கு மேல போயிடுச்சு. இந்தக் கம்பெனிக்காரன்கிட்டக் கடன் வாங்கி அடைச்சேன். அதுக்கப்புறம் சமையல்காரப் பசங்களுக்குச் சம்பளம் நின்னுச்சு. வேலை பெர்மிட் முடியுது, ஊருக்கு பிளைட் ஏறணும், வெறுங்கையோட எப்படி அனுப்புறது? உன் அட்வான்ஸை அவங்களுக்குத்தான் கொடுத்தேன். ஒரு வெள்ளி நான் எடுத்துக்கல."

"மீதிப் பணம்?"

"கேலாங் ஈஸ்ட்ல ஒரு சின்ன ஸ்டால் பேசி வெச்சிருக்கேன். அதை வெச்சு மாசாமாசம் இந்தக் கடனையும் கட்டிடுவேன். ஏமாத்துறவன் இல்ல நான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஏமாற்றுக்காரனாக இருந்தால் இந்நேரம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசியிருப்பாள்.

வடிவேலு குரலைத் தாழ்த்தினார். "நேத்து சாயந்திரம் வரைக்கும் கிளீன்தானே? நீ இன்னைக்குப் பார்க்கலன்னே வெச்சுக்கோயேன். லாரி போயிடட்டும். அவன் வந்து கேட்டா நான் பேசிக்கிறேன். உனக்குத் தெரியாதுன்னு சொல்லிடலாம் லா."

அந்த நேரம் பார்த்து ரோஷினி போன் செய்தாள். அம்மா மூன்று பால் பாக்கெட்டும் புதுப் பாத்திரமும் வாங்கி வைத்துவிட்டாராம், லாரி எத்தனை மணிக்கு வருமாம். பின்னால் சேவியர் தரையைத் தேய்க்கிற சத்தம் கேட்டது. "சொல்றேன்மா, கொஞ்ச நேரத்துல சொல்றேன்" என்று வைத்துவிட்டாள் சம்சுன்னிசா.

வடிவேலு சொன்னபடி செய்தால் இன்றைக்கு எல்லோருக்கும் நல்லது. அவருக்கு ஸ்டால், இவளுக்கு லாபம், அந்தப் பிள்ளைகளுக்குப் பால் பொங்கும். அப்புறம் ஒருநாள், வடிவேலு ஒரு தவணை தவறினால், ஆட்கள் பிடோக்குக்குப் போவார்கள். ரோஷினி ஒரு தடவை கேட்பாள், உங்களுக்குத் தெரியாதா அக்கா என்று. கேலாங்கில் அந்தப் பெண் கேட்டபோது அவளுக்குத் தெரியாது என்பது உண்மை. ரோஷினியிடம் தெரியாது என்று சொன்னால் பச்சைப் பொய். இதை நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் போனைத் தட்டாமல் இருந்திருக்கக் கூடாதா என்று தன் விரலையே திட்டிக்கொண்டாள்.

பிறகு பதிவேட்டில் இருந்த அந்த நிறுவனத்தின் எண்ணைத் தேடிப் பிடித்துப் போன் போட்டாள்.

"சம்சு, வேணாம்" என்றார் வடிவேலு. கையைப் பிடிக்கக்கூட வந்தார், பிடிக்கவில்லை. அவள் பேசி முடிக்கும்வரை அவர் முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியைப் பார்த்து நின்றார்.

கடன் நிறுவனத்திலிருந்து வந்தவர் திலீப் என்ற இளைஞர். வந்ததும் லாரியைத்தான் பார்த்தார், பாதி ஏற்றிய சாமான்களைப் படம் எடுத்தார். அடமானச் சாமானை விற்றது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா என்று மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் 'போலீஸ்' என்ற சொல் அந்தப் பேச்சில் இருந்தது. வடிவேலுவின் காது மடல் சிவந்தது. இருபது வருஷம் அந்தக் கடையில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

சம்சுன்னிசா குறுக்கே வந்தாள். "தம்பி, முதல்ல இதைக் கேளுங்க. நான் இன்னும் மீதிப் பாதி கொடுக்கணும். அதை அவர் கையில கொடுக்காம நேரா உங்களுக்கே கொடுத்துடறேன். நீங்க இந்தச் சாமானை மட்டும் அடமானத்துலேருந்து விடுவிச்சு எழுதிக் கொடுங்க, பதிவேட்டுலயும் ஏத்துங்க. நீங்க தூக்கிட்டுப் போனா எங்க வைப்பீங்க, யாருக்கு விப்பீங்க? இதுல பாதிகூடத் தேறாது."

திலீப் சிரிக்காமல் இருக்க முயன்றார். "போன மாசம் ஒரு கடைச் சாமானை வித்தோம்க்கா. மூணு வாரம் கிடங்கு வாடகை கட்டினதுதான் மிச்சம்." வெளியே போய் மேலாளரோடு பேசினார். பேச்சு நீண்டது. லாரியின்கீழ் நிழல் சுருங்கியது. முபாரக் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, கால் ஆட்டிக்கொண்டிருந்தான். ரோஷினியின் போன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. மேலாளர் முடியாது என்றால் அட்வான்ஸும் போயிற்று, அடுப்படியும் போயிற்று, நாளைக்குப் பாலும் இல்லை. சம்சுன்னிசா வாய்க்குள் ஓதிக்கொண்டே இருந்தாள். என்ன ஓதினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

கடைசியில் மேலாளர் ஒத்துக்கொண்டார். விடுவிப்புக் கடிதம் ஈமெயிலில் வர மாலையாகிவிட்டது. வரும்வரை அவள் லாரியை நகர விடவில்லை. வந்ததும் ஒவ்வொரு சாமானின் எண்ணையும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மீதிப் பணத்தை அந்த நிறுவனத்தின் கணக்குக்கு அனுப்பினாள். அதற்குப் பிறகும் வடிவேலுவின் தலையில் கடன் கொஞ்சம் மிச்சம் இருந்தது. போலீஸ் பேச்சு நின்றுவிட்டது. கேலாங் ஸ்டால் பேச்சும் அதோடு நின்றுவிட்டது.

வடிவேலு எங்கே கையெழுத்துப் போடச் சொன்னார்களோ அங்கெல்லாம் போட்டார். திலீப் போனபிறகு, காலியான அடுப்படியில் இருவரும்தான் நின்றார்கள். அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். எதற்கு என்று அவளுக்கே விளங்கவில்லை. கடைசியில், "அண்ணே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே அவங்ககிட்டப் பேசியிருப்பேன். உங்க ஸ்டாலுக்கும் சேர்த்து ஏதாவது வழி பண்ணியிருக்கலாம்" என்றாள்.

வடிவேலு கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். இப்போது அவர் குரலில் கோபம் இல்லை.

"நீ எல்லார்கிட்டயும் கேட்பியாமே தங்கச்சி, எங்கேயாவது கையெழுத்துப் போட்டிருக்கீங்களான்னு. உனக்குச் சாமான் வித்த முத்துராமன் சொல்லியிருக்கான், பக்கத்துக் கடைக்காரர் சொல்லியிருக்கார். அன்னைக்கு இலை போட்டுட்டு உன் எதிர்ல உட்கார்ந்திருந்தேனே, நீ கேட்பே, கேட்டா சொல்லிடலாம்னுதான் உட்கார்ந்திருந்தேன். நானா எப்படி வாயைத் திறக்கிறது, அவ்வளவு வெட்கமா இருந்துச்சு. நீ கேட்கல. எனக்குத் தெரியாம போய்த் தேடிட்டு வந்து, பாயசத்தைக் குடிச்சே."

சந்தில் முபாரக் ஹாரன் அடித்தான். அவள் போய் லாரியில் ஏறினாள். மறுநாள் பிடோக்கில் பால் நன்றாகவே பொங்கியது. ரோஷினியின் அம்மா முதல் டம்ளரைச் சம்சுன்னிசாவின் கையில்தான் கொடுத்தார். அவள் அதை வாங்கிக் குடித்தாள்.

கேட்டிருந்தால் வடிவேலு உண்மையைச் சொல்லியிருப்பாரா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எந்தப் பதிவேடும் இல்லை. அவரிடமே கேட்கலாம் என்று இரண்டு தடவை போனை எடுத்தாள், எடுத்து வைத்துவிட்டாள்.